என் அக்கா இரத்தம் குடித்ததில்லை

செத்துப்போன அழகான வாலிபன் ஒருவன் இரத்தம் குடித்துக்கொண்டு சாகாமல் இருக்கிற கதைகளைப் பிள்ளைகள் இப்போதும் ஆசையாகப் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் என் முன்னால் யாராவது அந்த மாதிரிப் புத்தகத்தை எடுத்தால் எனக்கு முகம் மாறிவிடும். நான் பொதுவாக வாய் திறக்கிறவள் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுவேன். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து எடுக்க மலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. நீளமான ஒரு அறை, வரிசையாகத் தொங்கும் ஏணைகள், மூலையில் ஒரு அடுப்பு. பகலில் கொழுந்து நிறுவை முடிந்ததும் தாய்மார் பால் கொடுக்க ஓடிவருவார்கள். இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குச் சாக்கை வாசலிலேயே அவிழ்த்துப் போடுவார்கள். காலில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று ஒருத்திக்கொருத்தி பார்த்துக்கொள்வார்கள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "ம், ஆரம்பிங்க ஆயாக்கா" என்பார்கள்.

நான் கதை வாசிப்பேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் அந்த அறையில் நான் மட்டும்தான். இத்தனை கூச்சக்காரி எப்படி வாசித்தாள் என்று கேட்கலாம். கண் புத்தகத்தில் இருக்கும். வாயில் வருவது வேறு யாரோ எழுதியது. அதனால் முடிந்தது.

ஒருத்தியின் தம்பி ஹட்டனில் புடவைக்கடையில் வேலைக்கு நின்றான். அவன் ஒரு பைண்டு கொண்டுவந்து கொடுத்தான். இந்தியாவிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ பக்கம் பக்கமாகக் கிழித்துத் தைத்து வைத்திருந்தார்கள். காலேஜ் வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதிய கதை. ஒரு ஜமீன் வீட்டுப் பையன் செத்து எத்தனையோ காலமாகிறது, ஆனால் இன்னும் இருபது வயதுதான். நல்ல வெளுப்பு, கண்ணில் எப்போதும் சோகம். அவன் காதலித்த பெண் இறந்துபோய்விட்டாளாம். அந்தத் துக்கத்தில் சாகவும் முடியாமல் ஊரார் இரத்தத்தைக் குடித்துக்கொண்டு, அவள் சாயலில் இருக்கிற ஒரு காலேஜ் பெண்ணின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறான்.

எங்கள் பெண்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"ஏன் ஆயாக்கா, அவனுக்குச் சோறு ரொட்டி ஒண்ணும் வேணாமா?"

"வேணாமாம். ரத்தம் மட்டும்தான்."

"அப்ப அரிசி மிச்சம். கட்டுனா இப்புடி ஒருத்தனத்தான் கட்டணும்."

"இந்தப் பக்கம் வந்தான்னா பட்டினியாலயே செத்துருவான்டி. அட்ட குடிச்சது போக நம்ம ஒடம்புல எம்புட்டு இருக்கும்?"

"சுண்ணாம்பத் தடவிக்கிட்டுப் படுத்தா அவனும் சுருண்டு வுழுந்துருவான்."

எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தது வாசலோரம் இருந்த ஒரு சின்னவள். கந்தப்பளைப் பக்கமிருந்து எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணம் முடித்து வந்தவள். தலைச்சன் பிள்ளை வயிற்றில். ஏணையில் அவளுக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும், கதைக்காகவே தினமும் வந்து, பெரிய வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

கதையில் மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அந்தக் காலேஜ் பெண்ணின் பங்களாவில் வேலை செய்கிற பெண் செத்துப்போகிறாள். காலையில் காப்பி கொண்டுவராத அவளைத் தேடிப்போனால் தோட்டத்தில் வெள்ளைத்துணி மாதிரிக் கிடக்கிறாள். நாலு வரி. அடுத்த வரியில் பங்களா அம்மா, இனி வேலைக்கு யாரைப் பிடிப்பது என்று கவலைப்படுகிறார். அதற்கடுத்த வரியில் காலேஜ் பெண் தலையில் பூ வைத்துக்கொள்கிறாள்.

"நில்லுங்க ஆயாக்கா. அந்தப் புள்ளைக்கு அம்மா இருந்துச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது போடல."

"பொதச்சாங்களா, எரிச்சாங்களா?"

"அதும் போடல."

"அடுத்த வாரத்துல போடுவாங்க," என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் மலைக்குத் திரும்பிய பிறகு நான் ஏணைகளை ஆட்டிக்கொண்டே பைண்டைக் கடைசி வரை புரட்டினேன். கதை தெரிந்துகொள்ள அல்ல. அந்த வேலைக்காரப் பெண்ணுக்காக யாராவது அழுகிறார்களா என்று பார்க்கத்தான். ஒருவரும் அழவில்லை. அவளுக்குப் பிறகு ஒரு காவல்காரன் செத்தான், பூ விற்கிற ஒருத்தி செத்தாள். அவர்களுக்கும் யாரும் அழவில்லை. ஆனால் அவர்களைக் குடித்தவன் தன் பழைய காதலியை நினைத்து அழுகிறான். பக்கம் பக்கமாக அழுகிறான். அவன் அழும்போது நிலா இருக்கிறது, மழை பெய்கிறது. படிக்கிறவர்களும் அவனுக்காக அழ வேண்டும் என்று எழுதியவர் எதிர்பார்க்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துக்கம் என்ன, நல்ல நிறமுள்ளவர்களின் குடும்பச் சொத்தா? குடிக்கப்பட்டவளுக்கு ஒரு தாய் இருந்திருப்பாள், கூடப் பிறந்தவள் இருந்திருப்பாள் என்று எழுத ஒரு வரி இடம் இல்லாமல் போயிற்றா?

மறுநாளும் கேட்டார்கள் என்பதற்காக வாசித்தேன். குரலில் உயிரில்லை. அன்றைக்குத்தான் கந்தப்பளைக்காரி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"இவனெல்லாம் என்னா பெரிய இது. நம்ம தோட்டத்துக் காட்டேரி இவனவிடப் பொல்லாதவளாம். ரோட்டு வளைவுல டர்பன்டைன் மரத்துல இருக்காளே, அவதான். மாசமா இருக்குறவங்க ரத்தம்னா அவளுக்கு உசுராம். எங்க அத்த வர்ற வெள்ளிக்கெழம அங்க கோழி அறுக்கப் போறாங்க. மரத்துல ஆணியும் அடிப்பாங்களாம்."

பக்கத்திலிருந்தவள் அவள் தொடையில் கிள்ளினாள். "வாய மூடுடி."

"ஏன்? நான் என்னா சொல்லிப்புட்டேன்?"

பிள்ளைகள் பால் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க என்ன பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் பைண்டை மூடினேன்.

"அது எங்க அக்கா," என்றேன்.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள்? அவள் வந்தபோது என் அக்கா வெறும் காட்டேரியாகத்தான் இருந்தாள். அவளைத் தெரிந்தவர்களே அவளுடைய பேரைச் சொல்வதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகியிருந்தது. பேர் சொன்னால் வந்துவிடுவாளாம்.

அன்று அந்த அறையில் திக்கித் திணறிச் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. மரவள்ளிக்கிழங்கும் கிடைத்த கீரையுமாகக் காலம் போனது. அக்காவுக்கு இருபது வயதிருக்கும், எனக்குப் பதின்மூன்று. அவளைக் கொடுத்திருந்தது அதே தோட்டத்து மேல் டிவிஷனில். தலைப்பிரசவத்துக்கு எங்கள் லயத்துக்கு, வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீட்டுக்கு, வந்திருந்தாள். அவளை ஒரு தெய்வப்பிறவி என்று நான் சொல்லப்போவதில்லை. என் தட்டிலிருந்து ரொட்டியின் மொறுமொறு ஓரத்தைக் கிழித்துத் தின்றுவிட்டு, எலி தின்றது என்பாள். தன் சீப்பை யாரும் தொட விடமாட்டாள். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது ஒரு கங்காணி அவள் வயிற்றைப் பார்த்து என்னவோ நக்கலாகச் சொல்ல, "ஒங்க அம்மாவும் இப்புடித்தான் சொமந்துச்சு, போய்க் கேட்டுட்டு வாங்க" என்று எல்லோர் முன்னிலும் சொன்னவள். அவள் சிரித்தால் அடுத்த லயத்துக்குக் கேட்கும்.

அவளுக்குக் கால் வீங்கியது. முகம் ஊதியது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, தாள் மாதிரி வெள்ளை. உடம்பில் இரத்தமே இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். மருந்து காம்பராவுக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்தவர், காய்ச்சல்காரனுக்கும் வயிற்றுவலிக்காரனுக்கும் ஊற்றுகிற பெரிய போத்தலிலிருந்தே அவளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். "இன்னும் நாள் இருக்கு, போ," என்றார். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. நிற்கவே இல்லை. அப்பா ஆபீசுக்கு ஓடினார். ஃபேக்டரி வாசலில் லொறி நின்றுகொண்டிருந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றியாகிவிட்டது, துரை உத்தரவில்லாமல் இறக்க முடியாது என்றார்கள். துரை எங்கே? நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார்? தெரியாது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அக்காவைக் கம்பளியில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, கம்பில் கோத்து ஆண்கள் தோளில் தூக்கினார்கள். பெரிய ரோட்டுக்குப் போனால் பஸ்ஸோ வேறு எதுவோ கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் ஒரு போத்தலில் பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பாதி வழியில் அந்த லொறி வந்தது. எந்த லொறியைத் தர முடியாது என்றார்களோ அதே லொறி, அதே ரோட்டில். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எங்களை ஓரமாகப் போகச் சொல்லி ஹோர்ன் அடித்தார்கள். தூக்கிக்கொண்டு போனவர்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். முன் சீட்டில், தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தேயிலைக்கு ஸ்டேஷனில் ரயில் காத்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கம்பளிக்குள்ளிருந்து அக்கா பேசினாள். தூக்கி வந்தவர்களில் ஒருவர் எங்கள் தாய்மாமன்.

"மாமா, கொஞ்சம் எறக்கி வைங்க. ஒங்களுக்குத் தோளு வலிக்கும்."

"பேசாமப் படு தாயி. வந்துட்டோம்."

"எறக்கி வைங்க மாமா. கொஞ்ச நேரம்."

வளைவில் டர்பன்டைன் மரத்தடியில் இறக்கினார்கள். தாகமாக இருக்கிறது என்றாள். நான் அவள் தலையைத் தூக்கிச் சாயத்தண்ணியை வாயில் ஊற்றினேன். இரண்டு வாய் குடித்தாள். சீனி போடாமல் கொண்டுவந்திருக்கிறாயே என்பதுபோல என்னைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். அப்படியே போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே போயிற்று.

என் அக்கா கடைசியாகக் குடித்தது சீனியில்லாத சாயத்தண்ணி. நான் ஊற்றினேன், எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் யாரையும் மன்னிக்கவில்லை. பிள்ளையோடு செத்தவள், அதனால் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்றார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். எல்லோரையும் புதைக்கிற இடத்திலும் கூடாது. வளைவுக்குக் கீழே பள்ளத்தில் ஓர் ஓரமாகப் புதைத்தார்கள். மரத்தில் ஒரு பெரிய ஆணி அடித்தார்கள், அவள் எழுந்து வராமலிருக்க. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தபோது, "அழாத, அழுதா அவ திரும்பிப் பாப்பா" என்று சொல்லி இரண்டு பெண்கள் அம்மாவின் வாயை முந்தானையால் பொத்தினார்கள். செத்த மகளுக்குத் தாய் அழக்கூடாது. கருமாதி கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்களும் வாசலில் நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒரு ஆட்டுக்குட்டி செத்தாலும் எங்கள் லயத்தில் அதைவிடக் கூடுதலாக அழுவார்கள்.

என் கையில் ஒரு பிடி கடுகைக் கொடுத்தார்கள். ரோட்டு வளைவிலிருந்து எங்கள் வீட்டுக் காம்பரா வாசல் வரை போட்டுக்கொண்டே வரச் சொன்னார்கள். செத்தவள் வீடு தேடி வந்தால் வழியிலுள்ள கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டுமாம். பொறுக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடும், திரும்பிப் போய்விடுவாளாம். கூடப் பிறந்தவள் கையால் போட்டால்தான் பலிக்குமாம். போட்டேன். பதின்மூன்று வயதில் வேறென்ன செய்ய முடியும்? என் அக்கா வீட்டுக்கு வந்துவிடாமல் இருக்க என் கையாலேயே வழியை அடைக்க வைத்தார்கள்.

அடுத்த மழைக்கு அந்தக் கடுகெல்லாம் முளைத்தது. வளைவிலிருந்து குறுக்குப்பாதை நெடுக, லயத்துத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக, எங்கள் வாசற்படி வரைக்கும் மஞ்சளாகப் பூத்து நின்றது. அவள் வந்துவிடாமலிருக்கப் போட்டது அவளுக்கு வழிகாட்டுகிற மாதிரி நிற்கிறதே என்று லயத்தில் பயந்து பிடுங்கவந்தார்கள். அம்மா வாசலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு உட்கார்ந்துகொண்டார். யாரும் கிட்டே போகவில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வளைவில் ஒரு சுமைதாங்கி வைக்க வேண்டும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைப்பது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதில் இறக்கி வைத்து, பிறகு அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையை இறக்காமல் செத்தவளுக்கு அப்படிக் கல் வைப்பதுதான் எங்கள் முன்னோர் வந்த ஊர்களில் வழக்கம். அவளால் இறக்க முடியாத பாரத்துக்காக மற்றவர்கள் அங்கே தங்கள் பாரத்தை இறக்குவார்கள். "கல்லு வச்சா அவ அங்கயே ஒக்காந்துக்குவா," என்றார் கோயில் தலைவர். தோட்டத்து நிலத்தில் கல் நட துரையிடம் யார் கேட்பது என்றார் இன்னொருவர். ஆணி அடிக்கும்போது யாரும் துரையைக் கேட்கவில்லை.

அதிலிருந்து தோட்டத்தில் யாருக்குக் கரு கலைந்தாலும், யாருக்குப் பிரசவத்தில் இரத்தம் போனாலும் பழி என் அக்காவின் மேல். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளின் வீட்டார் போய் மரத்தில் ஒரு ஆணி அடித்துவிட்டு வருவார்கள். மருந்து காம்பராக்காரருக்கு ஒரு பேய்ப்பேரும் இல்லை. லொறிக்கு இல்லை. முன் சீட்டில் இருந்தவருக்கு இல்லை. இரத்தமே இல்லாமல் செத்தவள் மட்டும் இரத்தக் காட்டேரி.

இவ்வளவையும் நான் பிள்ளைக் காம்பராவில் சொல்லி முடித்தபோது மலையில் கொம்பு ஊதிவிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பால் கொடுக்க வந்தவர்களில் வயதில் மூத்தவள் மூக்கைச் சிந்திவிட்டு, "சீப்பக் கேட்டேன்னு என் கையக் கடிச்சா ஒருநாளு. நல்ல புள்ள," என்றாள். என் அக்காவைப் பற்றி வெளியார் ஒருவர் அப்படிப் பேசிக் கேட்டு எத்தனை காலம்!

கந்தப்பளைக்காரி மட்டும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயாக்கா."

"என்னாம்மா?"

"எனக்கும் காலு வீங்குது."

விரலால் அவள் கணுக்காலில் அழுத்தினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்தேன். அந்த வெள்ளை எனக்குத் தெரிந்த வெள்ளை.

"வீட்டுல சொன்னியா?"

"அத்த கிட்டச் சொன்னேன். அதுக்குத்தான் கோழி."

அன்று சாயந்தரம், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்று நானாகப் பேசினேன். அவளுடைய மாமியார் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். வேலைக்குப் பேர்போன மனுஷி, வாய்க்கும் அப்படித்தான்.

"வா தாயி. என்னா, ஒங்கக்காவுக்குப் பரிஞ்சு பேச வந்தியா?"

"இல்லங்க அத்த. ஒங்க மருமகள டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலு வீங்கியிருக்கு. ஒடம்புல ரத்தம் இல்ல."

"ரத்தம் எங்க போச்சு? அத யாரு குடிக்கிறான்னு ஒனக்குத் தெரியாதா?"

"எங்க அக்கா குடிக்கல."

"பின்ன யாரு, நானா?"

"கோழிய அறுங்க அத்த. வேணாங்கல. ஆணியும் அடிங்க, ஒண்ணோட ஒண்ணா இருந்துட்டுப் போகுது. ஆனா மொதல்ல ஆஸ்பத்திரி. எங்க அக்காவையும் நாள் இருக்குன்னுதான் அனுப்புனாங்க. அவளுக்கு நாள் இல்ல."

குரல் நடுங்கியது. பயத்தினால் என்று அவர் நினைத்திருக்கலாம். அது பயமில்லை. அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊமைச்சி பேசிவிட்டாளே என்ற அதிசயமாகவும் இருக்கலாம்.

"கோழி அறுத்துட்டுத்தான் போவோம்," என்றார்.

"வெள்ளிக்கெழம அறுத்துட்டு சனிக்கெழம காலையிலேயே போயிருங்க. நானும் வாறேன்."

அதற்கிடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் விறகுக்குப் போனபோது நடந்தது யாரும் கூடிப் பேசி முடிவு செய்த காரியம் இல்லை. வளைவருகே ரோட்டுக்கடியில் தண்ணீர் போகிற பழைய போக்கு உடைந்தபோது எடுத்துப்போட்ட ஒரு நீளக்கல் கானுக்குள் கிடந்தது. அக்காவின் கையைப் பற்றிச் சொன்ன அந்த மூத்தவள்தான் முதலில் அதைக் கம்பால் நெம்பினாள். மற்றவர்கள் விறகைப் போட்டுவிட்டுக் கை கொடுத்தார்கள். "தள்ளுங்கடி, ராத்திரி தின்ன மரவள்ளி எங்க போச்சு!" என்று சிரிப்பும் ஏச்சுமாக, மரத்துக்கு எதிர்ப்பக்கம் இரண்டு கல்லை நட்டு, அந்த நீளக்கல்லை மேலே ஏற்றிவிட்டார்கள். கொஞ்சம் சாய்வாகத்தான் நின்றது. விறகுக்கட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா தன் விறகுக்கட்டை அதன் மேல் இறக்கி வைத்தார். பிறகு மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் பொத்திய வாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியை எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. கூட உட்கார்ந்து அழுதார்கள்.

திங்கட்கிழமை புதிய கண்டாக்கையா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யார் கேட்டு இதை வைத்தது என்றார்.

"வெறகு எறக்கி வைக்கத்தாங்க ஐயா. கழுத்து ஒடியுது," என்றாள் ஒருத்தி.

அவர் கல்லை ஒருமுறை காலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கோழி அறுத்தார்கள். மரத்தில் புது ஆணியும் ஏறியது. நான் போகவில்லை. சனிக்கிழமை காலை சின்னவளைக் கைத்தாங்கலாக நடத்தி ரோட்டுக்குக் கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த தாதி, இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சிங்களத்தில் எங்களைத் திட்டித் தீர்த்தார். வீட்டுக்கு விடவில்லை, வார்டில் வைத்துக்கொண்டார்கள். இரத்தம் ஏற்றினார்கள். போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் இறங்கிய அந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவுதானா? ஒரு போத்தல், ஒரு குழாய், ஒரு லொறி. இவ்வளவுதானா வேண்டியிருந்தது?

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

"கோழி அறுத்தேன் பாரு, அதான்," என்று மாமியார் லயம் முழுக்கச் சொன்னார். என் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்த மனுஷியோடு சண்டை பிடிக்க எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

அவர்களை வீட்டுக்குக் கூட்டிவர நானும் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். சின்னவள் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மாமியார் தலையில் துணிமூட்டை, ஒரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், இடுப்பில் காட்டேரி அண்டாமலிருக்கச் செருகிய கவ்வாத்துக் கத்தி. ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. வளைவு வந்ததும் வேகமாக நடந்தார், அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று.

"அத்த, நில்லுங்க. கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போவோம்," என்றாள் சின்னவள்.

"இங்கயா? பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"கால் நோகுது அத்த. அக்கா கல்லுதானே, ஒண்ணும் செய்யாது."

"எந்த அக்கா?"

"இந்த அக்காதான்," என்று மரத்துப் பக்கம் தாடையைக் காட்டிவிட்டு, கல்லுக்குப் பக்கத்து மேட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

மாமியார் என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ஆணிகள் துருப்பிடித்து மரப்பட்டை முழுக்கச் சிவப்பாக வடிந்திருந்தது. கொஞ்ச நேரம் மூட்டையோடேயே நின்றார். அது கனமான மூட்டை. பிறகு, யாரையோ திட்டுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டு, அதைக் கல்லின் மேல் இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அந்தக் கதைப் பைண்டை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜமீன் வீட்டுப் பையன் கடைசியில் செத்தானா, பிழைத்தானா என்று பெண்கள் கேட்டார்கள். தெரியாது என்றேன். அந்த வேலைக்காரப் பெண்ணுக்கு யாரும் அழவில்லை, அது மட்டும் தெரியும் என்றேன்.